வேலைக்காரர் நீங்கலாக – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு வருடமாக லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு இங்கே சொந்தமாக வீடு வாங்கினோம். 1941இல் கட்டியது. கிரையம் முடிந்தபோது கொடுத்த காகிதக் கட்டில் அந்த மனைப்பிரிவின் பழைய நிபந்தனைப் பத்திரமும் இருந்தது. ‘காகேசிய இனத்தார் (அதாவது வெள்ளையர்) தவிர வேறு எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, உரிமையாளரோடு தங்கியிருக்கும் வேற்றின வீட்டு வேலைக்காரர்கள் நீங்கலாக’ என்று அதில் ஒரு பத்தி. இது இப்போது செல்லாது என்று முகப்பில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். இருந்தாலும் படித்தபோது மனது சங்கடப்பட்டது. கறுப்பின மக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

தேடிப் படித்ததில் லோரன் மில்லர் என்ற வழக்கறிஞரைப் பற்றித் தெரிந்தது. மாமனிதர். நம் ஊரில் ஏன் இப்படி ஒருவர் வரவில்லை? என் கேள்வி இதுதான்: கவுண்டிப் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்தால் அந்தப் பத்தியை அடித்துத் தருவார்களாம். அடிக்கச் சொல்லலாமா, வரலாற்றுச் சாட்சியாக அப்படியே விட்டுவிடலாமா?

பின்கட்டில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. வாடகைக்கு நம்ம ஆட்களாக, சைவக் குடும்பமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். வாட்ஸாப் குழுவிலும் போட்டிருக்கிறேன். அது அமைந்துவிட்டால் நிம்மதி.

எஸ்., லாஸ் ஏஞ்சலிஸ்

அன்புள்ள எஸ்.,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு வழக்கறிஞரின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த குடிசைக்காரர்களை அழைத்துக்கொண்டு நாற்பது வருடம் கோர்ட் படி ஏறியவர். வீட்டுக்கு வந்ததும் பீரோவில் தேடி ஒரு பழைய இருபது ரூபாய்ப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அது மேசையில் இருக்கும்போதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். பத்திரத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் வரி ஒன்றைத் திருத்த வேண்டும். ‘கறுப்பின மக்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியில் நீங்களும் இருக்கிறீர்கள் தம்பி. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிக்காரர், இனவியல் அறிஞர்களின் கணக்குப்படி நானும் காகேசியன்தானே, எனக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். அறிஞர்கள் சொல்வது இருக்கட்டும், சாமானிய மனிதர் கண்ணுக்கு நீ வெள்ளைக்காரன் இல்லை என்று 1923இல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுதிய பத்திரத்தில் உங்களுக்கு எங்கே இடம் இருந்திருக்கும்? அந்த ‘நீங்கலாக’வில்தான். சமையல்காரராகவோ தோட்டக்காரராகவோ அதே வீட்டில் நீங்கள் தூங்கியிருக்கலாம். சாவி மட்டும் உங்கள் கையில் இருந்திருக்காது.

அந்த வாக்கியத்தை இத்தனை நாளில் பல தடவை படித்துவிட்டேன். தோல் நிறம் தெருவுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் கவலையாக இருந்திருந்தால் வேலைக்காரரையும் சேர்த்துத்தான் விலக்கியிருப்பார்கள். பாத்திரம் துலக்க வரலாம், குழந்தையைத் தூக்கலாம், இரவு தங்கலாம். வீட்டுக்காரராக மட்டும் வரக்கூடாது. இதை எழுதியவர்கள் தெருவில் போகிற முரடர்களும் இல்லை. அரசாங்கத்தின் வீட்டுக்கடன் காப்பீட்டு அமைப்பே 1930களில் தன் கையேட்டில் இப்படிப்பட்ட நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. கடன் வேண்டிய கட்டுநர் எழுதினார், வாங்கியவர் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மில்லர். ‘மாமனிதர்’ என்ற சொல்லை அவருக்கு வைக்காதீர்கள். அந்தச் சொல்லைச் சொன்னதும் மாலை போட்டு நகர்ந்துவிடுகிறோம். லோரன் மில்லர் 1903இல் நெப்ராஸ்காவில் பெண்டர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா அடிமையாகப் பிறந்தவர், அம்மா வெள்ளைக்காரப் பெண்மணி. கான்சாஸில் சட்டம் படித்தார். ஆனால் மனது எழுத்தில். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து ‘கலிஃபோர்னியா ஈகிள்’ என்ற கறுப்பினப் பத்திரிகையில் எழுதினார். பிற்பாடு 1951இல் அதே பத்திரிகையை விலைக்கு வாங்கி நடத்தினார். வக்கீல் தொழில் அவருக்குச் சோறு போட்டது, பிறகு அதுவே அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

அவர் எதிர்த்து நின்றது எப்படிப்பட்ட சுவர் என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். இந்தத் தெருவில் கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாது என்று நகராட்சி சட்டம் போட முடியாது என 1917இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, நகராட்சி வேண்டாம், நாமே எழுதிக்கொள்வோம் என்று வீட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்தார்கள். இது தனியார் ஒப்பந்தம், இதில் அரசு எங்கே வந்தது, அரசியல் சட்டம் எங்கே வந்தது என்று கேட்டார்கள். 1926இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இருபது வருடம் கிட்டத்தட்ட எல்லாக் கோர்ட்டிலும் தோல்விதான்.

மில்லரும் அவரைப் போன்றவர்களும் கேட்டது ஒரே கேள்வி. ஒப்பந்தம் தனியாருடையது, சரி. காசு கொடுத்து வாங்கிய வீட்டிலிருந்து அந்தக் குடும்பத்தை வெளியேற்றும் உத்தரவில் கையெழுத்துப் போடுவது யார்? நீதிபதி அரசு இல்லையா? பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். அந்த வெறுப்பை நிறைவேற்றித் தர அரசு எதற்குச் சேவகனை அனுப்ப வேண்டும்? இதை ஒரு தடவை சொன்னதும் யாரும் கேட்டுவிடவில்லை. வழக்கு வழக்காக, ஒரே வாதத்தைப் புதுப்புது நீதிபதிகள் முன்னால் சொல்லிக்கொண்டே போனார்கள்.

1945இல் ஒரு வழக்கு. வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்ற மேட்டுப் பகுதி, ஊரில் அதற்குச் சுகர் ஹில் என்று பெயர். ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பின நடிகை ஹேட்டி மெக்டேனியல் அங்கே வீடு வாங்கியிருந்தார், இன்னும் சில கறுப்பினக் குடும்பங்களும். அக்கம்பக்கத்து வெள்ளையர் சிலர் வெளியேற்றக் கோரி வழக்குப் போட்டார்கள். மில்லர்தான் வக்கீல். நீதிபதி தர்மண்ட் கிளார்க் வாதம் கேட்டுவிட்டு, அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நேரில் போனார். மறுநாள் காலையில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். போய்ப் பார்த்த நீதிபதியை எனக்குப் பிடிக்கிறது. பார்க்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்கு வாதம் வைத்த வக்கீலை இன்னும் பிடிக்கிறது.

1948 மே 3, உச்ச நீதிமன்றத்தின் ஷெல்லி தீர்ப்பு. செயின்ட் லூயிஸில் ஆறு குழந்தைகளோடு வீடு வாங்கிய ஷெல்லி தம்பதியின் வழக்கும், டெட்ராய்ட்டின் மெக்கீ தம்பதியின் வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. மெக்கீ தம்பதிக்காக, கறுப்பினத்தவர் உரிமைக்காக வழக்காடிய தர்குட் மார்ஷலோடு சேர்ந்து வாதாடியவர் மில்லர். ஒன்பது நீதிபதிகளில் மூவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். மீதி ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அப்படி எழுதிக்கொள்வதைத் தடுக்க மாட்டோம், ஆனால் எந்தக் கோர்ட்டும் அதை நிறைவேற்றித் தரக்கூடாது.

எதிர்த்தரப்பு அதோடு விட்டுவிடவில்லை. வாங்கியவரை வெளியேற்ற முடியாதா, விற்றவரைப் பிடிப்போம் என்றார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் லியோலா ஜாக்சன் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி நிபந்தனையை மீறி விற்றுவிட்டார் என்று அண்டை வீட்டார் நஷ்டஈடு கேட்டார்கள். மில்லர் அந்தப் பெண்மணிக்காக மறுபடி உச்ச நீதிமன்றம் போனார். 1953இல் ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். பத்திரத்துக்கு அதுவரை இருந்த பல் அதோடு விழுந்தது.

வென்றதெல்லாம் நின்றதா என்றால், இல்லை. சுகர் ஹில்லை 1960களின் தொடக்கத்தில் சான்டா மோனிகா ஃப்ரீவே என்ற விரைவுச்சாலை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. 1963இல் வாடகையிலும் விற்பனையிலும் பாகுபாடு கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் போட்டது. மறுவருடமே வாக்கெடுப்பில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் அதை ரத்து செய்ய ஓட்டுப் போட்டார்கள். அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது 1967 மே மாதம். 1964இலிருந்து நகர நீதிபதியாக இருந்த மில்லர் அந்த ஜூலையில் இறந்தார். அப்படிப்பட்ட நிபந்தனைகளையே சட்டவிரோதமாக்கிய நியாய வீட்டுவசதிச் சட்டம் 1968 ஏப்ரலில்தான் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அடுத்த வாரம். ஒன்பது மாதம். அவர் இருந்து பார்த்திருக்கலாம்.

‘நம் ஊரில் ஏன் இப்படி ஒருவர் வரவில்லை’ என்று கேட்கிறீர்கள். வந்தார்கள். அவர்கள் கையில் என்ன கொடுத்தோம் என்று கேளுங்கள்.

என் மேசையில் இருக்கும் பத்திரத்துக்கு வருகிறேன். 1993. சென்னையில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தோம். மனைவிக்கு ஆறாம் மாதம். ஒரு மாடி வீடு அமைந்தது. ஹால் உத்தரத்தில் ஒரு கொக்கி இருந்தது. மனைவி அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “தூளி கட்டிக்கலாம்” என்று என் காதில் சொன்னாள். பத்து மாத அட்வான்ஸ் பேசி, பாதியைக் கொடுத்தாயிற்று. அக்ரிமென்ட் அடிக்க என் பெயரில் இருபது ரூபாய்ப் பத்திரமும் வாங்கியாயிற்று. கிளம்பும்போது வீட்டுக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார். “சொந்த ஊர் எது தம்பி?” சொன்னேன். “அட, எனக்குத் தெரிஞ்ச ஊராச்சே. அங்க எந்தத் தெரு?”

தெருவைச் சொன்னேன்.

“அப்படியா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. காபி டம்ளரை எடுக்க வந்த அவர் மனைவி எடுக்காமலே உள்ளே போனார். மறுநாள் சாயங்காலம் புரோக்கர் அட்வான்ஸை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தார். அவர்கள் மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறானாம், வீடு அவனுக்கு வேண்டுமாம். பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன். கேட்டில் ‘டு லெட்’ பலகை தொங்கியது.

அந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டுதான் நான் மேலே சொன்ன வழக்கறிஞரிடம் போனேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முத்திரையும் என் பெயரும் தவிர அதில் ஒன்றும் இல்லை. “இதுல ஒண்ணுமே எழுதலையேப்பா. எழுதியிருந்தா கிழிச்சிருவேன். எழுதாததை எந்தக் கோர்ட்ல நீட்டுறது?” என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த கோபத்தை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

மில்லருக்குப் பத்திரம் இருந்தது. பக்கம், பத்தி, பதிவு எண் எல்லாம் இருந்தன. இதோ, இந்த வரி என்று நீதிபதி முன்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. நாம் ‘எந்தத் தெரு’ என்ற இரண்டு சொல்லில் அதே வேலையை முடித்துவிட்டோம். நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடையையும் உணவகத்தையும் கிணற்றையும் குளத்தையும் சாலையையும் பெயர் சொல்லித் திறந்துவிட்டது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று எழுதி வைத்த வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் சங்கம், அதன் நியாயம் வேறு என்பீர்கள். பேசலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு யாருக்கெல்லாம் தைரியம் கொடுத்தது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

உங்களை இப்போது திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1941ஆம் வருடத்துப் பத்தியைப் படித்து மனம் சங்கடப்பட்ட அதே கையால், அதே கடிதத்தில், ‘நம்ம ஆட்களாக, சைவக் குடும்பமாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது ஒரு நொடிகூட விரல் நிற்கவில்லையா? ‘நம்ம ஆட்கள்’ என்றால் யார்? தமிழர்கள் எல்லாருமா? அப்படியென்றால் ‘சைவ’ எதற்கு? புலால் நாற்றம் தாங்காது என்று சொல்லாதீர்கள். உங்கள் இரண்டு பக்கத்து வீட்டிலும் மாட்டுக்கறி வாட்டுகிறார்கள், அந்தப் புகை உங்கள் தோட்டத்துக்கு வருகிறது. அவர்களிடம் போய்ச் சிரித்துப் பேசுகிறீர்கள். பின்கட்டுக்கு வரப்போகிற தமிழ்ப் பையன் சட்டியில் என்ன வேகிறது என்பது மட்டும் எப்படி உங்கள் விஷயம் ஆயிற்று? உணவைக் கேட்பது தெருவைக் கேட்பதுதான். நான் அதன் மறுபக்கத்தில் நின்றவன், எனக்குத் தெரியும்.

சட்டமும் சொல்கிறேன். இனம், மதம், பூர்விக நாடு பார்த்து ஆள் வேண்டும் என்று வீட்டு விளம்பரம் செய்வதையே 1968 சட்டம் தடை செய்கிறது. வாட்ஸாப்பில் போட்டதும் விளம்பரம்தான். உங்களை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கமாட்டார்கள் என்பது வேறு. அந்தப் பெரியவரையும் யாரும் இழுக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் காபி கொடுத்தார், அட்வான்ஸை ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிக் கொடுத்தார். நீங்களும் கெட்டவர் இல்லை என்று தெரிந்துதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லுங்கள். மூலப் பதிவு அங்கேயே காப்பில் இருக்கும், சாட்சி எங்கும் போகாது. ஆனால் கவுண்டி அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் வாட்ஸாப்பில் போட்டதை அழித்துவிட்டு வேறு ஒன்று போடுங்கள். எத்தனை அறை, என்ன வாடகை, எவ்வளவு முன்பணம், எப்போது காலி. அதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். வருகிறவரிடம் வேலை என்ன என்று கேளுங்கள், வாடகை கட்ட முடியுமா என்று பாருங்கள். ஊர் எது என்று ஆரம்பிக்காதீர்கள்.

யார் குடிவந்தார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். குடிவந்துவிட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்.