மாடிக்கு ஒரே ஒரு கேபிள் போதும்

கேள்வி: வேளச்சேரியில் ஒரு தனி வீட்டை நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். ஃபைபர் மோடம் கீழே ஹாலில் இருக்கிறது, மூன்று பேரின் அறைகள் மாடியில். 300 எம்பிபிஎஸ் பிளான்தான், ஆனாலும் மாடியில் வீடியோ கால் அடிக்கடி நின்றுவிடுகிறது. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்கிறார் ஓனர். கேபிள் இழுக்க வழி உண்டா?

பதில்: உண்டு. மோடத்திலிருந்து அறைக்கு ஒன்றாக மூன்று கேபிள் இழுக்க வேண்டாம். மாடிக்கு ஒன்று மட்டும் போகட்டும். மேலே ஐந்து போர்ட் உள்ள ஒரு கிகாபிட் சுவிட்ச் (ஒரு நெட் கேபிளைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் சின்னப் பெட்டி) வைத்து, அங்கிருந்து அறைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு கேபிள் 1000 எம்பிபிஎஸ் தாங்கும். உங்கள் 300-ஐ மூன்று பேர் பங்கு போட்டாலும் அது திணறாது.

படிக்கட்டுச் சுவர் ஓரமாக பிவிசி கேசிங்கில் கொண்டுபோகலாம். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினால் ஆணியே தேவையில்லை. ஏசிக்கோ கேபிள் டிவிக்கோ ஏற்கெனவே போட்ட துளை இருந்தால் இன்னும் வசதி. வெளிச்சுவர் வழியாகப் போனால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிளாக வாங்குங்கள். சாதாரண உறை நம் வெயிலில் விரிசல் விட்டுவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் இதை நுழைக்காதீர்கள். எலக்ட்ரீஷியன் 'ஒண்ணும் ஆகாது' என்பார். உள்ளே ஒயர் உறை தேய்ந்தால் 230 வோல்ட் உங்கள் லேப்டாப் வரை வரக்கூடும்.

பணத்தைக் கேபிளில் போடுங்கள். கேட்6 (நெட் கேபிளின் ஒரு தரம்), முழுக்கச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பதில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள், 305 மீட்டர் பெட்டி வாங்க வேண்டியதில்லை. நீளம் பற்றிக் கவலையும் வேண்டாம், 100 மீட்டர் வரை தாங்கும்.

கேபிள் முனையில் பிளக் மாட்டுபவர் (கிரிம்ப் செய்பவர்) எட்டு கம்பியையும் இணைக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு கம்பியே போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று சரியாகப் பிடிக்காவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். நெட் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகமே வராது. மோடத்திலிருந்து வரும் கேபிளைச் சுவிட்சில் செருகும் முன் நேராக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள், விண்டோஸில் ஈதர்நெட் (கேபிள் இணைப்பு) விவரத்தில் லிங்க் ஸ்பீட் 1000/1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் மோடத்தின் போர்ட்டையும் பாருங்கள். சில மோடங்களில் ஒரு போர்ட்தான் கிகாபிட்.

சரி, மாடியில் போனுக்கு வைஃபை? பழைய ரவுட்டர் யாரிடமாவது இருக்கும். அதில் முதலில் டிஎச்சிபியை (போன், லேப்டாப்புக்குத் தானாக ஐபி முகவரி, அதாவது நெட்டில் அடையாள எண், கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, அதற்கு மோடத்தோடு மோதாத ஐபி முகவரி கொடுங்கள். பிறகு சுவிட்சிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (LAN) போர்ட்டில் செருகுங்கள், வேன் (WAN) போர்ட்டில் அல்ல. டிஎச்சிபியை அணைக்க மறந்தால் மோடமும் அதுவும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். ஒருவருக்கு நெட் வரும், ஒருவருக்கு வராது, யார் மேல் தப்பு என்று புரியாமல் வீட்டில் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று, கேபிள் போட்டாலும் ஒருவர் போனில் உள்ள வீடியோக்களையெல்லாம் கிளவுடுக்கு ஏற்றும்போது மற்றவர்களின் கால் தடுமாறலாம். அப்லோடு பாதை நிரம்பி, மற்றவர்களின் டேட்டா பின்னால் வரிசையில் நிற்பதுதான் காரணம். மோடத்தில் க்யூஓஎஸ் (QoS) அல்லது பேண்ட்விட்த் கண்ட்ரோல் என்ற வேகக் கட்டுப்பாட்டு வசதி இருந்தால், மொத்த அப்லோடையும் உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பதில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். அந்த வசதி இல்லையென்றால் பேக்கப் எல்லாம் இரவு 2 மணிக்கு மேல் என்று நால்வரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சும்மா தொங்கும் கேபிள் முனையைக் காலி போர்ட்டில் செருக வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். ஒரே கேபிளின் இரண்டு முனையும் சுவிட்சில் ஏறினால் டேட்டா சுற்றிச் சுற்றி வந்து மொத்த வீட்டுக்கும் நெட் நின்றுவிடும். அப்படி நின்றால் மோடத்தை ரீசெட் செய்யாதீர்கள். சுவிட்சில் உள்ள கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.