வாங்கிய ஸ்டில்பைட் அசல்தானா? அதைக் கழுவலாமா?

இணையத்தில் வாங்கிய பீச் நிறக் கல்லை ஸ்டில்பைட் (ஜியோலைட் என்ற கனிமக் குடும்பத்தில் ஒன்று) என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், இடுக்கெல்லாம் மண், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கழுவலாம், பச்சைத் தண்ணீரில். அமிலமும் சூடும்தான் ஆகாது.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். நடுவில் இறுக்கிக் கட்டி இரு முனையும் விரிந்த நெற்கதிர்க் கட்டு போல இருந்தால் பெரும்பாலும் ஸ்டில்பைட்தான். அகன்ற முகத்தில் சிப்பியின் உட்புறம் போன்ற முத்து மினுக்கம் தெரியும், மற்ற பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளக்கும். ஹியூலண்டைட் என்ற இன்னொரு கனிமத்திலும் அந்த மினுக்கம் உண்டு. ஆனால் அதன் படிகம் சவப்பெட்டி போல நடுவில் அகன்றிருக்கும். கூடவே ஒட்டி வரும் சதுரத் தூண் படிகம் அபோபிலைட். கடையில் ஜியோலைட் என்றே விற்பார்கள், உண்மையில் அது ஜியோலைட் இல்லை.

உதிர்ந்த துண்டு ஏதாவது கிடைத்தால் அடர்த்தி பார்த்துவிடலாம். தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துச் சுழியம் ஆக்குங்கள். துண்டை நூலில் கட்டி, டம்ளரில் எங்கும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. 11 கிராம் துண்டுக்கு 5 காட்டினால் அடர்த்தி 2.2, ஸ்டில்பைட்டுக்குச் சரி. குவார்ட்ஸ் 2.65, கால்சைட் 2.71. அடியில் கரும்பாறை ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் அடர்த்தி குறைவாகக் காட்டும்.

இந்தியாவில் இது கிடைப்பது பெரும்பாலும் மகாராஷ்டிரத்தில், புனே, நாசிக், ஜல்காவ் பக்கத்துக் கல் குவாரிகளில். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்தபோது வாயுக் குமிழிகள் வெற்றிடமாக நின்றன. பின்னால் அவற்றுள் ஊறிய வெந்நீர் இந்தப் படிகங்களை வளர்த்தது. நம்மூர்க் கருங்கல் வேறு ரகம், அதை உடைத்து இதைத் தேடாதீர்கள்.

ஸ்டில்பைட்டின் எடையில் ஏறத்தாழ 18 விழுக்காடு தண்ணீர், படிகக் கூட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. 1756இல் சுவீடனின் கனிமவியலாளர் குரோன்ஸ்டெட் இப்படியொரு கல்லைச் சூடாக்க, அது நீராவி கக்கிக் கொதிப்பது போலிருந்தது. கொதிக்கும் கல் என்ற பொருளில் ஜியோலைட் எனப் பெயர் வைத்தார். அதனால் ஹேர் டிரையர், அவன், வெந்நீர் எதுவும் வேண்டாம். நீர் போனால் பளபளப்பு மங்கும், விரிசல் விழும்.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, அரை மணி ஊறவைத்து, குழந்தைகளுக்கான மென்மையான டூத் பிரஷால் கதிரின் போக்கிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் ஏடு ஏடாகப் பெயரும்; கடினத்தன்மை பத்துக்கு 3.5 முதல் 4 வரைதான், ஒரு திசையில் மிக எளிதாகப் பிளக்கும். அல்ட்ராசோனிக் கருவி கெடுப்பதும் இதனால்தான். கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். போர்வெல் தண்ணீரோடு விட்டால் வெள்ளைப் படிவு நிற்கும்.

துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம் என்று யூடியூபில் சொல்வது குவார்ட்ஸுக்கு. இதில் கால்சியம் இருப்பதால் வெண்படலம் ஒட்டிக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. டாய்லெட் கிளீனரின் ஹைட்ரோகுளோரிக் அமிலமோ கல்லையே அரித்துவிடும். உப்பு நீரில் போட்டுச் 'சார்ஜ்' ஏற்றச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள்: உப்பு பிளவுகளுக்குள் புகுந்து, காயும்போது படிகமாகி ஏடுகளைத் தள்ளும்.

போலி ஸ்டில்பைட்டைவிட, உடைந்ததை ஒட்டி விற்பதுதான் அதிகம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். பல பசைகள் நீலவெள்ளையாக ஒளிரும். கால்சைட்டும் ஒளிரலாம், ஆனால் பசை மூட்டில் கோடாகத் தெரியும். சந்தேகமென்றால் அசிட்டோன் நனைத்த பஞ்சை அங்கே வைத்துப் பாருங்கள்: சூப்பர் க்ளூ இளகும், கல்லுக்கு ஒன்றும் ஆகாது.

அதே கல்லில் வெள்ளைக் குச்சிகள் மாவாக உதிர்ந்தால் அது பெரும்பாலும் லாமன்டைட், அறைக் காற்றிலேயே நீரை இழப்பது. அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடுங்கள்.