கீரைத் துவட்டல் பச்சை மாறாமல் வர என்ன செய்ய வேண்டும்?

துவட்டல் என்பது தண்ணீர் ஊற்றாமல், கீரையை அதன் ஈரத்திலேயே வதக்கித் தேங்காய்ப்பூ சேர்க்கும் தொடுகறி. திருநெல்வேலிப் பக்கம் புளிக்குழம்புச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளி கிடையாது.

ஒரு கட்டு முளைக்கீரையை அலசிய பிறகே நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். 2 ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்தம்பருப்பு, மிளகாய் வத்தல், கைப்பிடி சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) தாளித்து, கீரையைப் போட்டு 5, 6 நிமிடம் மூடாமல் கிளறுங்கள். மூடினால், கீரையிலிருந்து ஆவியாகும் அமிலம் ஜன்னல் சாத்திய அடுப்படிப் புகை மாதிரி உள்ளேயே சுற்றும்; மூடியில் பட்டுச் சட்டியிலேயே சொட்டும். அது பச்சையத்தில் உள்ள மெக்னீசியத்தைப் பிரித்துவிடும், நிறம் பழுப்பாகும். உப்பைக் கீரை சுருங்கியபின் போடுங்கள். குவியலைப் பார்த்துப் போட்டால் கரிக்கும்.

ஆப்பச்சோடா போட்டால் சத்தும் நிற்கும் என்பது தவறு: பச்சை நிற்கும், ஆனால் வைட்டமின் பி1, சி இரண்டும் சிதையும், கீரையும் கூழாகிவிடும்.