குப்பைச் சாம்பலில் பாதரசம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 850 டிகிரியில் குப்பையை எரிக்கும்போது பாதரசமும் அழிந்துவிடாதா?

அழியாது. பாதரசம் ஒரு தனிமம், எந்த நெருப்பாலும் அதை அழிக்க முடியாது. 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகி, பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும். உலையின் அடியில் விழும் கரடுமுரடான சாம்பலில் மிஞ்சுவது கொஞ்சம்தான். புகை வெளியேறும் வழியில் கரித்தூள் தூவுவார்கள். பாதரசம் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் துணிப்பை வடிகட்டிகள் அந்தக் கரித்தூளையும் மாவு போன்ற நுண்சாம்பலையும் சேர்த்துப் பிடித்துவிடும். வடிகட்டி நன்றாக வேலை செய்யச் செய்ய, அந்தத் தூளில் பாதரசம் கூடும். அதனால் யாராவது "சாம்பல்" என்றால், முதலில் எந்தச் சாம்பல் என்று கேளுங்கள்.

கேள்வி: இந்தச் சாம்பலைத் தோட்டத்துக்கு உரமாகப் போடலாமா?

வேண்டாம். அடிச்சாம்பலைக்கூட, தண்ணீரில் என்னென்ன கசிகிறது என்று சோதித்த பிறகே சாலையின் அடித்தளத்துக்கு எடுக்கிறார்கள். வடிகட்டித் தூளில் ஈயம், காட்மியம், டையாக்சின் என்ற நச்சுப்பொருள் எல்லாம் சேர்ந்திருக்கும்.

கேள்வி: என் கணவர் எரிஉலையில் வடிகட்டிப் பை மாற்றுகிறார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது. பையை உதறும்போது எழும் தூசிதான் முதல் ஆபத்து. துணி முகக்கவசம் அதற்குப் போதாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் சுவாசக் கவசத்தை நிர்வாகம் தர வேண்டும். வேலை உடையையும் காலணியையும் அங்கேயே விட்டு, குளித்துவிட்டு வரட்டும். அந்த உடை வீட்டுத் துணியோடு சேரவே கூடாது. பாதரச ஆவியைத் தொடர்ந்து சுவாசித்தால் கை நடுங்கும், தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். கையெழுத்து கோணலாகிறதா, டம்ளரைப் பிடிக்கும்போது விரல் ஆடுகிறதா என்று கவனியுங்கள். இவை தெரியும்வரை காத்திருக்காமல், சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: சாம்பல் மேட்டுக்கு அருகே உள்ள ஏரி மீன்?

சோதனை முடிவு வரும்வரை கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தவிர்க்கட்டும். சேற்றிலுள்ள நுண்ணுயிரிகள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது கருவின் மூளையைத் தாக்கும். பெரிய மீனில்தான் அதிகம் சேரும்.

கேள்வி: தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. ஒன்றுதானே, குப்பையில் போடலாமா?

அந்த ஒன்றில் இருப்பது நூறு சிஎஃப்எல் விளக்குகளின் பாதரசம். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு, உருண்டைகளைத் தடித்த அட்டையால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் அடைத்து, அபாயகரமான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.