படகுக்குள் இருந்து எடுத்த படம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகதியாக வெளியேறி, பின்னர் போரையும் குடியேறிகளின் வாழ்வையும் படமெடுக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களைப் பற்றி ஒரு கேள்வி. பாதிக்கப்பட்டவரே கேமராவை ஏந்தும்போது நடுநிலைமை எப்படிச் சாத்தியம்? எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், அகதியாக வந்தவர், இத்துறைக்குள் நுழைய முயல்கிறார். தன் கதைதான் தன் முதலீடு என்கிறார். அது சரியா?

க.

அன்புள்ள க.,

நடுநிலைமை பற்றிய கேள்வி அகதிகளிடம் மட்டும் இத்தனை கறாராகக் கேட்கப்படுவது எனக்கு வியப்பளிக்கிறது. படையினரின் வாகனத்தில் சென்று, அவர்கள் அனுமதித்த இடங்களை மட்டும் படமெடுத்துத் திரும்பும் செய்தியாளரிடம் இதே கறாரோடு கேட்பவர்கள் குறைவு. ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய புகைப்படக்காரர்கள் ராபர்ட் காப்பாவும் கெர்டா டாரோவும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பின் ஆதரவாளர்களாகவே படமெடுத்தார்கள். டாரோ 1937இல் அந்தப் போரிலேயே உயிரிழந்தார். சார்பு இருந்ததா என்பதைவிட, அந்த வாழ்க்கை அவர்களுக்கு எதைக் காணக் கற்றுக்கொடுத்தது என்று கேட்பதே பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

கம்போடியாவைச் சேர்ந்த டித் பிரானை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் டைம்ஸின் செய்தியாளர் சிட்னி ஷான்பெர்க்குக்கு மொழிபெயர்ப்பாளராகவும் உதவியாளராகவும் இருந்த அவர், மனைவியையும் பிள்ளைகளையும் அமெரிக்கர்களின் வெளியேற்றத்தோடு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை தலைநகர் நோம் பென்னுக்குள் நுழைந்தபோது, பிடிபட்ட வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்காக மணிக்கணக்கில் மன்றாடி அவர்களை உயிரோடு மீட்டவர் அவர்தான். ஆனால் அவர்கள் தஞ்சம் புகுந்த பிரெஞ்சுத் தூதரகத்தில் அவருக்கு இடமில்லாமல் போயிற்று. நண்பர்கள் ஒரு கடவுச்சீட்டைத் திருத்தி அவரை வெளிநாட்டவராகக் காட்ட முயன்றதும் பலிக்கவில்லை.

அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அவர் உயிர் பிழைத்தது தன்னை மறைத்துக்கொண்டதால்தான். படித்தவர் என்று தெரிந்தாலே கொல்லும் ஆட்சியில், தான் டாக்சி ஓட்டியவன் என்று சொல்லி, விவசாயியின் உடையில், வயலில் எலியையும் நத்தையையும் தின்று காலம் தள்ளினார். 1979இல் ஆட்சி கவிழ்ந்து சொந்த ஊரான சியம் ரீப்புக்குத் திரும்பியபோது உறவினர்களில் சுமார் ஐம்பது பேர் இறந்துபோயிருந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நடந்தே தாய்லாந்து எல்லையைக் கடந்தார்.

1980இல் நியூயார்க் டைம்ஸில் புகைப்படக்காரராகச் சேர்ந்தார். தன் நாட்டின் படுகொலைகளைப் பற்றி ஓயாமல் பேசியவர் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் அன்றாடம் அவர் பார்த்த வேலை நியூயார்க்கிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்திரிகை அனுப்பிய இடங்களுக்கெல்லாம் போய்ப் படமெடுப்பது. இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். புகைப்படக்காரனுக்கு அன்னாசிப் பழத்தைப் போல நூறு கண்கள் வேண்டும் என்று அவர் சொன்னார். நூறு கண்களும் தன் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வேலையை ஒரு வாரம்கூடச் செய்திருக்க முடியாது.

இன்னொருவர் பராத் அலி பத்தூர், ஹசாரா இனத்தைச் சேர்ந்த ஆப்கானியர். ஆப்கானிஸ்தானில் சிறுவர்களை நடனமாடவைத்துச் சுரண்டும் வழக்கத்தைப் பற்றிய அவருடைய படங்கள் 2012இல் வெளியானபின் மிரட்டல்கள் வந்தன. நாட்டை விட்டு வெளியேறினார். இந்தோனேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட படகில் அவரும் ஒரு பயணி. படகு பழுதாகி இந்தோனேசியக் கரைக்கே திரும்பியது. கேமரா நீரில் நனைந்து கெட்டது, மெமரி கார்டு தப்பியது. அந்தப் படங்களுக்காக 2013இல் ஆஸ்திரேலியாவின் இதழியல் விருதான வாக்லி விருது பெற்றார். அகதிப் படகுகளின் படங்கள் பெரும்பாலும் கடலோரக் காவல் கப்பலிலிருந்தோ கரையிலிருந்தோ எடுக்கப்படுபவை. அவற்றில் மனிதர்கள் ஒரு திரள். உள்ளே அமர்ந்திருப்பவருக்குப் பின்வாங்க இடமில்லை, ஆகவே முகங்கள் முகங்களாகவே பதிகின்றன.

இவ்விருவருக்கும் தெரிந்திருந்தது, படத்தில் இருப்பவருக்கு அந்தப் படம் என்ன செய்யும் என்பது. தஞ்சம் கோரி விண்ணப்பித்திருப்பவரின் முகம் வெளியானால் அது அவர் தப்பிவந்த அரசின் கண்ணிலும் படும். ஊரில் விட்டுவந்த தாயின் வீட்டுக் கதவு தட்டப்படலாம். முகத்தை மறைத்துவிட்டுப் படக்குறிப்பில் கிராமத்தின் பெயரை எழுதினாலும் விளைவு அதுதான். படக்கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலும் காட்டிக்கொடுக்கும். உடன் வரும் மொழிபெயர்ப்பாளர் அதே சமூகத்தின் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதைப் பொறுத்து ஒருவர் பேசுவதும் பேசாததும் முடிவாகும். வெளியிலிருந்து வருபவர் இவற்றைப் பயிற்சிப் பட்டறையில் கற்கிறார். தலைமறைவாக வாழ்ந்தவர் இவற்றை அறிந்தே வருகிறார்.

ஆகவே உங்கள் இளைஞர் தன் கதையை முதலீடு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது ஒருமுறை விற்கும்; அதன்பின் ஆசிரியர்கள் அகதி முகாம் என்றால் மட்டுமே அவரைக் கூப்பிடுவார்கள். கால்பந்துப் போட்டி, நகரசபைக் கூட்டம், தீ விபத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் செய்யச் சொல்லுங்கள். முகாமுக்குப் போகும்போது, எடுக்கும் முன் ஒருமுறையும் வெளியிடும் முன் இன்னொருமுறையும் படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்கட்டும், ஏனென்றால் இடைப்பட்ட வாரத்தில் அவர்களுடைய வழக்கின் நிலை மாறியிருக்கக்கூடும். படக்குறிப்பை அவரே எழுதிக் கொடுக்கட்டும். அதை அலுவலக மேசையில் இருக்கும் உதவி ஆசிரியரிடம் விடவேண்டாம்.