பக்கியில் வரும் மலிவு வெண்ணெயை வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தீபாவளிக்குச் சுமார் 40 கிலோ நெய் வேண்டும். வழக்கமான மொத்தக் கடையில் உப்பில்லாத வெண்ணெய் கிலோ 150 ரேண்ட், வாட் (மதிப்புக்கூட்டு வரி) தனி. பக்கியில் (பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி) சரக்கு கொண்டுவரும் ஒருவர், ‘துறைமுகத்தில் இறங்கிய நியூசிலாந்து வெண்ணெய், டியூட்டி கட்டாதது’ என்று சொல்லி 25 கிலோ வெள்ளைப் பெட்டியை 2,500 ரேண்டுக்குத் தருகிறார். தீபாவளி நெருங்கினால் தட்டுப்பாடு வரும், பாதிப் பணத்தை இப்போதே கொடுங்கள் என்கிறார். வாங்கலாமா? அல்லது நெய்யாகவே வாங்குவது லாபமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணமும் கொடுக்காதீர்கள். ஏன் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

‘டியூட்டி கட்டாதது, அதனால்தான் மலிவு’ என்பது இந்தத் தரகர்களின் பழைய பாட்டு. தென்னாப்பிரிக்காவில் வெண்ணெய்க்கான பொதுச் சுங்க வரி கிலோவுக்கு 500 சென்ட், அதாவது 5 ரேண்ட். கடைக்காரர் கேட்கும் 150 ரேண்டோடு 15 சதவீத வாட் சேர்த்தால் 172 ரேண்ட் 50 சென்ட். அதில் வாட் 22.50, சுங்கம் 5 இரண்டையும் ஒருவர் முழுதாக ஏமாற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கிலோ 145 ரேண்டுக்குக் கீழே இறங்காது. இவர் 100 ரேண்டுக்குத் தருகிறார். மீதி 45 ரேண்ட் எங்கிருந்து குறைந்தது? ஒன்று அது திருட்டுச் சரக்கு, இல்லையென்றால் பெட்டிக்குள் இருப்பது வெண்ணெயே இல்லை. நியூசிலாந்துக்காரர் பீனிக்ஸ் மக்கள்மேல் இரக்கப்பட்டு விலை குறைப்பதில்லை. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் ஏலத்தில் டாலரில் விலை நிற்கிறது, உலகமே அந்த விலைக்குத்தான் வாங்குகிறது. 2025 மே மாதத்தில் அந்த ஏலத்தில் ஒரு டன் வெண்ணெய் 8,000 டாலரை நெருங்கியது. பிற்பாடு இறங்கியது. ஏறும்போது நம் கடைக்கு உடனே வந்துவிடும் விலை, இறங்கும்போது மட்டும் கப்பலுக்குக் காத்திருக்கும்.

வெண்ணெய் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதில் குறைந்தது 80 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். உப்பில்லாதது பெரும்பாலும் 82 வரை போகும். அடுப்பில் ஒட்டியது, கசட்டோடு போனது எல்லாம் கழித்து ஒரு கிலோவுக்கு 780 கிராம் நெய் கிடைத்தால் நல்ல கை என்று சொல்லலாம். ஆக, 25 கிலோ பெட்டிக்கு 19.5 கிலோ. உங்களுக்கு இரண்டு பெட்டி போதும். வாட்டோடு 172.50 கொடுத்த வெண்ணெய், நெய்யாகும்போது கிலோ சுமார் 221 ரேண்ட். எரிவாயு தனி.

இப்போது ‘நெய்யாகவே வாங்கலாமா’ என்ற கேள்விக்கு வருவோம். பலர் வழுக்குவது இங்கேதான். டின்னில் லிட்டர் போட்டிருக்கும், நீங்கள் கிலோவில் கணக்குப் போடுவீர்கள். ஒரு லிட்டர் நெய்யின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். கிலோ 221 என்பது லிட்டருக்கு 201 ரேண்ட். கடை டின் இதைவிட பத்து, இருபது ரேண்ட் கூடுதல் என்றால் உங்கள் நேரத்துக்கும் எரிவாயுவுக்கும் அது சரியான விலை, யோசிக்காமல் வாங்குங்கள். இதைவிட மிகக் குறைவு என்றால் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படியுங்கள். பட்டர் கீ (வெண்ணெய் உருக்கிய நெய்) வேறு, வெஜிடபிள் கீ (தாவரக் கொழுப்பு) வேறு. விளக்குக்கென்று விற்பதை வாணலியில் ஊற்றாதீர்கள்.

அந்த வெள்ளைப் பெட்டிக்குள் என்ன இருக்கக்கூடும்? பெரும்பாலும் பேக்கரிகளுக்கான மார்ஜரின் (வெண்ணெய்க்குப் பதிலாக வேறு எண்ணெய், கொழுப்பில் செய்வது), அல்லது வெண்ணெயும் பாம் எண்ணெயும் கலந்த பிளெண்ட், அல்லது தண்ணீர் அதிகமுள்ள ஸ்ப்ரெட். ஸ்ப்ரெட்டில் கொழுப்பு 60 சதவீதம் என்றால் கிலோவுக்கு 570 கிராம்தான் மிஞ்சும். 100 ரேண்டுக்கு வாங்கியது அப்போது கிலோ 175 ஆகிவிடும், அதுவும் நெய் அல்ல, வெறும் எண்ணெய்க் கொழுப்பு. இதைவிட முக்கியம் ஒன்று உண்டு. பேக்கரிக் கொழுப்புகளில் மாட்டுக்கொழுப்பு சேர்ந்தவையும் இருக்கின்றன. புரட்டாசி முழுவதும் விரதம் இருந்தவர் வீட்டுக்கு உங்கள் மைசூர்பாகு போகிறது. ‘சுத்தமான நெய்’ என்று பெட்டிமேல் எழுதியது நீங்கள், பக்கிக்காரர் அல்ல. பிரச்சினை வந்தால் அவருடைய போன் எடுக்காது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனைகளை நம்ப வேண்டாம். அமிலமும் சர்க்கரையும் போட்டுக் குலுக்கினால் கலப்பட நெய் சிவக்கும் என்று ஒன்று வரும். இந்தியாவில் வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்த நல்லெண்ணெய்தான் சிவக்கிறது. இங்கே உள்ள மார்ஜரினில் நல்லெண்ணெய் கிடையாது, அதனால் எவ்வளவு குலுக்கினாலும் சிவக்காது. நீங்களும் ‘அசல்’ என்று ஏமாந்துபோவீர்கள். அயோடின் மாவுப்பொருளை மட்டும்தான் காட்டும். மஞ்சள் நிறம் எதையும் காட்டாது, மார்ஜரினுக்கும் நிறம் சேர்க்கிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான். 500 கிராம் எடுத்து, அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் உருக்கி, சடசடப்பு அடங்கிக் கசடு பொன்னிறமானதும் வடிகட்டி நிறுத்துப் பாருங்கள். 390 கிராம் அளவுக்கு வந்தால் தண்ணீரில் ஏமாற்றவில்லை என்று தெரியும். 80 சதவீதக் கொழுப்புள்ள மார்ஜரினும் இதே எடை வரும், ஆகவே எடை மட்டும் போதாது. கசடே இல்லாமல், நெய்வாசனை எழாமல், எண்ணெய் காய்ந்த வாடை வந்தால் சந்தேகம் உறுதி. ஆனால் மார்ஜரினில் பால்பவுடர் சேர்த்திருந்தால் அதிலும் கொஞ்சம் கசடு வரும். முழு உறுதி வேண்டுமானால் ஆய்வகத்தில் கொழுப்பு அமிலப் பட்டியல் கேட்க வேண்டும். பால்கொழுப்பில் 3, 4 சதவீதம் இருக்கும் பியூட்டிரிக் அமிலம் தாவர எண்ணெய்களில் இருக்காது. இரண்டு பெட்டி வாங்குகிறவருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. அதனால்தான் கலப்படக்காரர்கள் உங்களைப் போன்ற சிறு வியாபாரிகளைத் தேடி வருகிறார்கள்.

மலிவாக இருந்தும் நேர்மையான சரக்கு என்று ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர்கள் ஒளிந்துகொள்வது அதன் பின்னால்தான். தேதி முடியச் சில வாரங்களே இருக்கும் வெண்ணெயை மொத்த வியாபாரிகள் விலை குறைத்துத் தள்ளுவார்கள். மேசையில் தடவிச் சாப்பிடக் காலம் போதாது, உடனே உருக்குகிறவருக்கு அது நல்ல பேரம். ஆனால் பெட்டி தொழிற்சாலையில் ஒட்டியபடியே இருக்க வேண்டும். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், எந்த நாடு என்பதும், பேட்ச் எண்ணும், தேதியும் அச்சில் இருக்க வேண்டும், பேனாவில் அல்ல. மைனஸ் 18 டிகிரியில் உறைந்தே இருந்திருக்க வேண்டும். உருகி மறுபடி உறைந்திருந்தால் உள்தாளில் தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாகத் தடம் விட்டிருக்கும். ஓரத்தை வெட்டாதீர்கள், கட்டியின் நடுவில் வெட்டி முகருங்கள். காறல் வாடை சிறிது இருந்தாலும் வேண்டாம், அடுப்பில் வைத்தால் அது போகாது, நெய்யில் வந்து உட்காரும். இன்வாய்ஸ் தர வேண்டும். இத்தனையும் இருந்தால் கிலோவுக்கு இருபது, முப்பது ரேண்ட் குறைவை நம்பலாம். உங்கள் பக்கிக்காரரிடம் இதில் ஒன்றுகூட இல்லை.

தட்டுப்பாடு என்று பயமுறுத்துகிறாரே, அதையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை, இங்கே வசந்தம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மிட்லண்ட்ஸிலும் ஈஸ்டர்ன் கேப்பிலும் தென்கேப்பிலும் புல் தழைத்துப் பால் பெருகும் காலம். நாட்டிலேயே பால் அதிகம் கிடைக்கும் மாதங்களில்தான் நம் தீபாவளி வருகிறது. கோமாரி நோய் வேறு கதை, 2025-இல் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துப் பால் பண்ணைகளையும் அது தொட்டது. ஆனாலும் முன்பணம் வாங்க அது காரணமாகாது.

வரிக் கணக்கைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பாலுக்கு வாட் இல்லை. சமையல் எண்ணெய்க்கு வாட் இல்லை. பாலிலிருந்து கடைந்த வெண்ணெய்க்கு மட்டும் 15 சதவீதம். 2025-இல் அதை 15.5 ஆக்கப் பார்த்துக் கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். நீங்கள் வாட் பதிவு செய்யாதவர் என்றால் கட்டிய வாட் திரும்பி வராது, அதனால் விலை கேட்கும்போதெல்லாம் ‘வாட்டோடு எவ்வளவு’ என்றே கேளுங்கள். புகார் கொடுக்கலாமா என்றால், லேபிள் பொய்யென்றால் விவசாயத் துறை, சுகாதாரம் என்றால் நகராட்சி, ஏமாற்று என்றால் நுகர்வோர் ஆணையம். மூன்று கதவையும் தட்டி முடிப்பதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும். ஆனால் உங்கள் வீட்டுச் சமையலறைக்கு 2018 உணவுச் சுகாதார விதிப்படி தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உடனே வருவார்கள். அது இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

இரண்டு பெட்டியையும் செப்டம்பர் கடைசியில், வழக்கமான கடையில், இன்வாய்ஸோடு வாங்குங்கள். உறைந்த 25 கிலோ கட்டி இளக இரண்டு நாளுக்கு மேல் ஆகும். குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, 5 கிலோ துண்டுகளாக்கி உருக்குங்கள். வெண்ணெயாகவே அடைத்து வைக்காமல் உடனே நெய்யாக்கிவிடுவது நல்லது. டர்பன் காற்றில் ஈரம் அதிகம், ஈரமான கரண்டி ஒன்று போதும் ஒரு டின் கெட. நன்றாக உலர்ந்த டின்னில், முழுவதும் ஆறிய பிறகு மூடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து உள்ளே சொட்டும்.