வலியைக் குறைப்பதை இங்கிலீஷில் எப்படி எழுதுவது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலக்காட்டில் நர்சிங் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கேஸ் ரிப்போர்ட்டில் 'தி இன்ஜெக்‌ஷன் அலீவியேட்டட் தி பேஷண்ட்' என்று எழுதியதை மேடம் அடித்துவிட்டார். அகராதியில் அலீவியேட், ரிலீவ் இரண்டுக்குமே 'தணி' என்றுதான் இருக்கிறது. இதில் என்ன தப்பு?
வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அர்த்தம் சரி, எதைத் தணிக்கிறோம் என்பதில்தான் தப்பு. அலீவியேட்டுக்குப் பின்னால் வலி வரலாம், மூச்சுத்திணறல் வரலாம், பயம், வறுமை, ரோட்டு நெரிசல்கூட வரலாம், ஆள் மட்டும் வரக்கூடாது. லத்தீனில் 'லேவிஸ்' என்றால் கனமில்லாதது. சுமையின் கனத்தைக் குறைப்பதுதான் இந்த வினைச்சொல்லின் வேலை, சுமப்பவர் பக்கம் அது போவதே இல்லை. நாமும் வலியைத் தணிக்கும் மருந்து என்கிறோம், நோயாளியைத் தணிக்கும் மருந்து என்று யாராவது சொல்கிறோமா? ஆகவே 'தி இன்ஜெக்‌ஷன் அலீவியேட்டட் ஹெர் பெயின்'.

ரிலீவ் இரண்டு பக்கமும் போகும். 'ரிலீவ்ட் ஹெர் பெயின்' சரி, 'ரிலீவ்ட் ஹெர் ஆஃப் தி பெயின்' என்பதும் சரி. இந்த 'ஆஃப்' இருக்கிற இடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் 'ஃப்ரம்' போடுகிறார்கள், ஏனென்றால் 'ரிலீஃப் ஃப்ரம் பெயின்' என்று பெயர்ச்சொல்லாக வரும்போது ஃப்ரம்தான் சரி, அதைக் கேட்டுப் பழகிய காது வினைச்சொல்லுக்கும் அதையே ஒட்டிவிடுகிறது. இன்னொன்று, 'தி பேஷண்ட் வாஸ் ரிலீவ்ட்' என்று மொட்டையாக எழுதினால் ஏதோ நல்ல சேதி கேட்டு அவருக்கு மனசு நிம்மதியானது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அப்புறம், 0 முதல் 10 வரை உங்கள் வலி எவ்வளவு என்று நோயாளியிடம் கேட்பீர்கள் இல்லையா, ஊசிக்கு முன் 8, பிறகு 4 என்று அந்த எண்களையும் நேரத்தையும் எழுதிவிட்டு இந்த வாக்கியத்தைச் சேருங்கள். எண் இல்லாமல் அலீவியேட்டட் என்று மட்டும் இருந்தால் அடுத்த ஷிஃப்டுக்கு வரும் நர்ஸுக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது.

கேள்வி: தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் எங்கள் பஞ்சாயத்தின் சாந்த்வனக் குழுவோடு வீடு வீடாகப் போகிறேன். புற்றுநோயில் படுத்திருக்கும் ஓர் அம்மாவின் மகன் துபாயில் வேலை பார்க்கிறார். மலையாள மீடியத்தில் படித்தவர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. எனக்கோ மலையாளம் எழுத வராது. அதனால் வாட்ஸ்ஆப்பில் இங்கிலீஷில்தான் சேதி அனுப்புகிறேன். 'தி மெடிசின் ஈஸ் க்யூரிங் ஹெர் பெயின்' என்று எழுதினேன், சரிதானா?
வாசகர், பாலக்காட்டுச் சித்தூர்

பதில்: இன்றைக்கே திருத்தி அனுப்பிவிடுங்கள். க்யூர் என்றால் நோயே போய்விடுவது. அந்தச் சொல்லைப் பார்த்த மகன் பெயின் என்பதைக் கவனிக்காமல், அம்மாவுக்குக் குணமாகி வருகிறது, ஓணத்துக்கு லீவு போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் யார் பதில் சொல்வது? நோய் இருக்கிறது, வலி குறைந்திருக்கிறது என்பதைச் சொல்லத்தான் அலீவியேட் இருக்கிறது. திருத்தணியில் முருகன் சினம் தணிந்தார் என்கிறோமே, அந்தத் தணிவு. ஆனால் வீட்டாருக்கு எழுதும்போது அலீவியேட்கூட வேண்டாம், அது அறிக்கைகளில் புழங்கும் சொல். 'ஹெர் பெயின் ஈஸ் மச் லெஸ் நௌ. ஷி ஸ்லெப்ட் வெல் லாஸ்ட் நைட். தி டிசீஸ் ஈஸ் ஸ்டில் தேர்.' இவ்வளவு போதும். எப்போது வரலாம் என்பதைக் குழுவின் நர்ஸிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அதைவிட, அவருக்குத் தமிழ் காதால் புரியும் என்கிறீர்கள், ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்களேன், உங்கள் குரலிலேயே பாதி விஷயம் அவருக்குப் புரிந்துவிடும்.

நீங்கள் செய்யும் வேலைக்கு இங்கிலீஷில் பேலியேட்டிவ் கேர் என்று பெயர். 'பால்லியம்' என்ற லத்தீன் சொல்லுக்குப் போர்வை, மேலாடை என்று பொருள், அதிலிருந்து வந்தது. 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் ஒரு சிறிய கிளினிக்காகத் தொடங்கியது இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீட்டு வாசலுக்கு வரும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2008-இல் இதற்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட முதல் இந்திய மாநிலம் கேரளம்தான். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் கிடைப்பது 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல வருஷம் பெரும்பாடாக இருந்தது, 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வழி கொஞ்சம் இலகுவானது. 'குணப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன செய்வது' என்று எத்தனை வீடுகளில் கேட்டிருப்பீர்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது என்பதால்தானே நீங்களே போகிறீர்கள். ஆகவே 'வெறும் வலி குறைப்புதான்' என்று எழுதாதீர்கள், சொல்லவும் சொல்லாதீர்கள்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் ஆனபோது கொடுத்த ரிலீவிங் ஆர்டரை லண்டனில் இருக்கும் அண்ணன் பார்த்துவிட்டு, 'உன்னை ஏன் வேலையை விட்டு எடுத்தார்கள்' என்று பதறிவிட்டார். ஏன் அப்படி?
வாசகர், மீனாட்சிபுரம்

பதில்: அங்கே ஒருவரை 'ரிலீவ்ட் ஆஃப் ஹிஸ் ட்யூட்டீஸ்' என்றால் பெரும்பாலும் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள் என்றுதான் பொருள். நம் ஆபீஸ்களில் அது வேறு இடத்தில் போய்ச் சேர விடுவிப்பது. இங்கே ஃபைலில் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் 'ட்ரான்ஸ்ஃபர்ட்' என்றே போட்டுவிடுங்கள்.

கேள்வி: அரசு வேலைக்கான பிஎஸ்சி (பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) பரீட்சைக்குப் படிக்கிறேன். பாவர்ட்டி அலீவியேஷன், பாவர்ட்டி இராடிகேஷன் இரண்டும் ஒன்றா? மிட்டிகேட் எங்கே வரும்?
வாசகி, வேலந்தாவளம்

பதில்: ஒன்றில்லை. இராடிகேஷன் வேரோடு பிடுங்குவது, அலீவியேஷன் கஷ்டத்தைக் குறைப்பது. உங்கள் தெருவிலேயே இருக்கும் குடும்பஸ்ரீ, அதாவது கேரள அரசின் மகளிர் குழுத் திட்டம், 1998-இல் தொடங்கியது, அதை நடத்தும் அமைப்பின் பெயரில் இருப்பது இராடிகேஷன்தான், அதனால் குடும்பஸ்ரீ பற்றிய கட்டுரையில் அந்தச் சொல்லை மாற்றாதீர்கள். மிட்டிகேட் என்பது பாதிப்பின் கடுமையைக் குறைப்பது, இனிமேல் வரப்போகும் பாதிப்புக்கும் பொருந்தும், வெள்ளம், பருவநிலை மாற்றம் பற்றி எழுதும்போது இதுதான் பொருத்தம். தலைவலிக்கு மாத்திரை போட்டேன் என்பதற்கு மிட்டிகேட் போடாதீர்கள். 'மிட்டிகேட் அகெய்ன்ஸ்ட்' என்று எங்கே பார்த்தாலும் சந்தேகப்படுங்கள், அந்த இடத்தில் வர வேண்டியது 'மிலிட்டேட்' என்ற வேறு சொல், ஒன்றுக்குத் தடையாக நிற்பது என்று பொருள். பயத்தையும் சந்தேகத்தையும் போக்குவதற்கு 'அலே', குற்ற உணர்ச்சிக்கும் துக்கத்துக்கும் 'அஸ்வேஜ்'. இந்த இரண்டையும் பரீட்சையில் அடையாளம் கண்டால் போதும், கட்டுரையில் 'ரெட்யூஸ்' என்று எழுதினாலே மார்க் குறையாது.